நாலும் ஒன்றாக இறங்கினால்

போன விடுமுறையில் பதுளைக்கு வந்திருந்தபோது மாமாவின் காரில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. குதிரை லாடம் மாதிரி ஒரு வளைவு, நடுவில் ஆச்சரியக்குறி. மாமா எல்லைக்கு வரும் சுற்றுலாப் பயணிகளை வாடகைக்கு ஏற்றி இறக்குபவர். வாகனம் அவருடையதல்ல, முதலாளியுடையது.

"என்னா மாமா இது?"

"காத்து லைட்டு புள்ள. ரெண்டு நாளைக்கு முந்தி டயர முன்னுக்குப் பின்னா மாத்திப் போட்டோம். அதுக்கப்புறம்தான் எரியுது."

போகிற வழியில் ஒரு டயர் கடையில் நிறுத்தினோம். கடையில் இருந்த தம்பி சிரித்துக்கொண்டே உள்ளே எட்டி, ஸ்டீரிங்குக்குக் கீழே இருந்த பொத்தானைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தார். விளக்கு கண் சிமிட்டியது, அணைந்தது. "அவ்வளவுதான் அண்ணே, டயர் மாத்தினா இப்புடித்தான்" என்றார். காசும் வாங்கவில்லை.

மாமாவுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. எல்லையிலிருந்து வெல்லவாய பக்கம் இறங்கும் வளைவுகளில் ஸ்டீரிங் பாரமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அடுத்த நாள் விடியற்காலையில், வண்டியை எடுப்பதற்கு முன், பழைய கேஜ் ஒன்றை எடுத்து நாலு டயரையும் அளந்து பார்த்தார். 24, 25, 24, 24. சாரதிக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கவேண்டிய அளவு 33 பி.எஸ்.ஐ.

நாலு டயரிலும் காற்று இல்லை. விளக்கோ எரியவில்லை.

இது எப்படி நடக்கும் என்று தேடிப் பார்க்கப் போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது. நான் கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிறவள், பொறியியல் தெரியாது. ஆனால் அந்தச் சின்ன விளக்குக்குப் பின்னால் நம்ம ஆட்களின் கதையும் கொஞ்சம் இருக்கிறது என்று தெரிந்தபோது எழுதாமல் இருக்க முடியவில்லை.

விளக்கு எதைப் பார்க்கிறது?

முதலில் அந்த விளக்கு எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். இதன் பெயர் டயர் காற்றழுத்தக் கண்காணிப்பு முறை. சுருக்கமாக டி.பி.எம்.எஸ். இதில் இரண்டு வகை.

நேரடி வகையில் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் ஒரு சின்ன சென்சர் இருக்கும். பட்டரியில் ஓடும். காற்றழுத்தத்தை அளந்து ரேடியோ அலையில் காருக்கு அனுப்பும். ஒவ்வொரு சென்சருக்கும் தனி இலக்கம் உண்டு. எந்த இலக்கம் எந்த மூலையில் இருக்கிறது என்று கார் நினைவில் வைத்திருக்கும். முன் டயரைப் பின்னுக்குப் போட்டுவிட்டு, கார் அதைத் தானாகக் கண்டுபிடிக்கும் வகையாக இல்லாமல், நாமும் சொல்லாமல் விட்டால், பின் சக்கரத்தில் காற்று குறையும்போது முன் சக்கரம் என்று காட்டும்.

மறைமுக வகையில் சென்சரே கிடையாது. ஏ.பி.எஸ். பிரேக்குக்காக ஏற்கெனவே இருக்கும் சக்கர வேக உணரிகளை அது பயன்படுத்திக்கொள்ளும். காற்று குறைந்த டயர் கொஞ்சம் நசுங்கும், அதனால் அதன் ஆரம் குறையும், அதனால் மற்றச் சக்கரங்களைவிடக் கொஞ்சம் வேகமாகச் சுற்றும். அந்த வித்தியாசத்தைப் பார்த்துத்தான் விளக்கு எரியும். அதாவது இந்த வகைக்குக் காற்று என்றால் என்னவென்றே தெரியாது. சக்கரத்தைச் சக்கரத்தோடு ஒப்பிட மட்டும்தான் தெரியும்.

மாமாவின் கார் இந்த இரண்டாவது வகை. தேய்ந்த முன் டயர் பின்னுக்கும், தேயாத பின் டயர் முன்னுக்கும் போனதும் சுற்றும் கணக்கு மாறியது. தேய்ந்த டயரும் ஆரம் குறைந்ததுதானே. கார் குழம்பி விளக்கைப் போட்டது. அதுவரைக்கும் சரி. ஆனால் அந்தப் பொத்தானின் அர்த்தம் "விளக்கை அணை" என்பதல்ல. "இப்போது இருக்கிற நிலைதான் சரியான நிலை, இதையே படித்துக்கொள்" என்பதுதான். நாலு டயரும் 24இல் இருக்கும்போது அதை அழுத்தினோம். கார் 24ஐயே சரி என்று படித்துக்கொண்டது. இனி அது 24இலிருந்து இறங்கினால்தான் கத்தும், 33இலிருந்து இறங்கியதைப் பற்றிக் கத்தாது.

காற்றுக்கு முந்திய சக்கரம்

ஊவாவில் சக்கரத்துக்கு ரொம்பக் காலம் காற்று தேவைப்படவில்லை. கோப்பிக் காலத்திலும் தேயிலை வந்த தொடக்கத்திலும் சாமான்களைச் சுமந்தவை மாட்டு வண்டிகள்தான். ரயில் 1893இல் அப்புத்தளைக்கும் 1894இல் பண்டாரவளைக்கும் வந்தது. அங்கிருந்து பதுளைக்கு வந்து சேர 1924 ஆகிவிட்டது. அந்த முப்பது வருடமும் பதுளைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு வண்டிச் சக்கரம்தான் கால்.

மரச் சக்கரத்தைச் சுற்றி இரும்புப் பட்டை. பட்டையைப் பழுக்கக் காய்ச்சிச் சக்கரத்தில் ஏற்றித் தண்ணீர் ஊற்றினால் அது சுருங்கி இறுக்கிக்கொள்ளும். வெயில் காலத்தில் மரம் காய்ந்து பட்டை தளரும். அதைக் கண்டுபிடிக்க விளக்கு இல்லை. வண்டிக்காரர் சக்கரத்தைத் தட்டிப் பார்ப்பார், சத்தத்தில் தெரியும். இன்றைக்கும் லொறிச் சாரதிகள் இறக்கத்துக்கு முன் நிறுத்தி, ஒரு கட்டையால் டயரைத் தட்டிப் பார்க்கிறதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது அந்தப் பழக்கத்தின் மிச்சம்தான் என்று நினைக்கிறேன்.

காற்றடைத்த டயருக்கு ஸ்கொட்லாந்துக்காரர் ரொபர்ட் வில்லியம் தொம்சன் 1845இலேயே காப்புரிமை எடுத்தார். அப்போது அது விலை போகவில்லை. 1888இல் பெல்பாஸ்ட்டில் ஜோன் பொய்ட் டன்லொப் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக அதை மறுபடி கண்டுபிடித்தார். 1895இல் பிரான்சின் மிஷலின் சகோதரர்கள் பாரிஸ்–போர்தோ ஓட்டப் போட்டியில் காற்று டயர் போட்ட காரை ஓட்டிக் காட்டினார்கள். அதற்குப் பிறகு உலகம் முழுக்க இறப்பர் கேட்டது.

இங்கேதான் இலங்கை கதைக்குள் வருகிறது. 1876இல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 இறப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி, ஏறத்தாழ 1,900 கன்றுகள், அதே வருடம் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. கம்பஹாவில் ஹெனரத்கொட தாவரவியல் தோட்டத்தில் நட்டார்கள். கார் யுகம் தொடங்கியபோது இலங்கையிலும் மலாயாவிலும் இறப்பர்த் தோட்டங்கள் பெருகின. உயரத்தில் தேயிலை, தாழ்வில் இறப்பர். நம்ம மாகாணத்தில் மொனராகலைப் பக்கம் போனால் இன்றும் இறப்பர் மரங்கள் நிற்கின்றன. அந்தத் தோட்டங்களிலும் மலாயாத் தோட்டங்களிலும் விடியற்காலையில் மரம் கீறிப் பால் எடுத்தவர்களில் ஏராளமானவர்கள் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழர்கள். உலகத்தின் கார்கள் ஓடிய காற்றை அடைத்து வைத்த தோலில் அவர்கள் கை பட்டிருக்கிறது. அவர்களில் எத்தனை பேர் ஒரு காரில் ஏறியிருப்பார்கள்?

பயர்ஸ்டோன் என்ற பெயர்

1922இல் இறப்பர் விலை விழுந்து கிடந்தது. பிரித்தானியா ஸ்டீவன்சன் திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்து, இலங்கையிலும் மலாயாவிலும் இருந்து ஏற்றுமதியாகும் இறப்பரின் அளவைக் கட்டுப்படுத்தியது. விலை ஏறியது. அமெரிக்க டயர் முதலாளிகளுக்குக் கோபம். அவர்களில் முக்கியமானவர் ஹார்வி பயர்ஸ்டோன். பிரித்தானியரின் தோட்டங்களை நம்பியிருக்கக் கூடாது என்று அவர் ஆபிரிக்காவின் லைபீரியாவுக்குப் போனார். 1926இல் 10 இலட்சம் ஏக்கர் வரை நிலம் எடுத்துக்கொள்ள 99 வருடக் குத்தகை எழுதிக்கொண்டார். நம்ம நாட்டு இறப்பரைத் தவிர்ப்பதற்காக இன்னொரு நாட்டில் இன்னொரு தோட்டச் சமூகம் உருவானது.

அதே பயர்ஸ்டோன் கம்பனியை 1988இல் ஜப்பானின் பிரிஜ்ஸ்டோன் வாங்கியது. அதே பயர்ஸ்டோன் டயர்களால்தான் மாமாவின் காரில் எரிந்த விளக்கு சட்டமானது.

1990களில் அமெரிக்காவில் போர்ட் எக்ஸ்புளோரர் என்ற உயரமான வாகனம் நன்றாக விற்றது. அதில் வந்த பயர்ஸ்டோன் டயர்கள் சில, வேகமாக ஓடும்போது மேல் பட்டை உரிந்து தனியே வந்தன. வண்டி புரண்டது. வெயில் கடுமையான தென் மாநிலங்களில்தான் அதிகம். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக வளையும், வளைய வளையச் சூடாகும், பாரம் அதிகமென்றால் இன்னும் சூடாகும். சூட்டில் ஒட்டு விட்டுப்போகும்.

2000 ஓகஸ்டில் கம்பனி 65 இலட்சம் டயர்களைத் திரும்ப அழைத்தது. இறந்தவர்கள் 200 பேருக்கும் மேல். பிறகு பழி போடுகிற கட்டம். போர்ட் "டயர் சரியில்லை" என்றது. பயர்ஸ்டோன் "வண்டி சரியில்லை" என்றது. இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது ஒரு எண். எக்ஸ்புளோரருக்கு 26 பி.எஸ்.ஐ. போதும் என்று போர்ட் பரிந்துரைத்திருந்தது. பயர்ஸ்டோன் பிறகு 30 வேண்டும் என்றது. அப்படியென்றால் புத்தகத்தில் எழுதியபடி ஒழுங்காகக் காற்று அடித்தவரும் குறைந்த காற்றோடுதான் ஓடியிருக்கிறார். டயர் சரியான அளவில் இருக்கிறதா என்ற கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. அந்தச் சரியான அளவை யார் எழுதியது?

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். திரும்ப அழைக்கப்பட்ட டயர்களில் பல, இலினோய் மாநிலத்தின் டிகேட்டர் தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. 1994 முதல் 1996 வரை அங்கே பெரிய தொழிற்பிணக்கு. 12 மணி நேர வேலை முறை, சம்பளக் குறைப்பு போன்றவற்றை எதிர்த்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், கம்பனி மாற்று ஆட்களை வைத்து வேலை வாங்கியது. அலன் குரூகர், அலெக்ஸாண்டர் மாஸ் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வில், பிணக்கு நடந்த காலத்தில் அங்கே செய்யப்பட்ட டயர்களில்தான் கோளாறு அசாதாரணமாக அதிகம் என்று காட்டினார்கள். சம்பளப் பேச்சுவார்த்தை என்றால் என்னவென்று தெரிந்த நம்ம வீடுகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தொழிலாளியை நசுக்கினால் அந்த நசுங்கல் எங்கேயோ ஒரு நாள், யாருடைய சக்கரத்திலாவது, வெளியே வரும்.

நீதிமன்றத்துக்குப் போன விளக்கு

டயரின் காற்றைக் கண்காணிக்கும் கருவி அதற்கு முன்பே இருந்தது. 1986இல் போர்ஷ 959 என்ற விலை கூடிய காரில் வந்துவிட்டது. பணக்காரரின் வசதி அது. 2000 நவம்பர் 1ஆம் தேதி ஜனாதிபதி கிளின்டன் கையெழுத்திட்ட டிரெட் சட்டம்தான் அதை எல்லாருக்குமான பாதுகாப்பாக மாற்ற வழி திறந்தது.

ஆனால் எந்த வகையைப் போடுவது? 2002இல் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட விதி, கம்பனிகளுக்கு இரண்டு வழி கொடுத்தது. ஒன்று, நாலு டயரில் எத்தனையில் காற்று 25 வீதம் குறைந்தாலும் எச்சரிக்க வேண்டும். மற்றது, ஒரே ஒரு டயரில் 30 வீதம் குறைந்தால் எச்சரித்தால் போதும். இரண்டாவது வழி எதற்கென்று உங்களுக்கு இப்போது விளங்கியிருக்கும். மலிவான மறைமுக வகைக்காக. சக்கரத்தைச் சக்கரத்தோடு ஒப்பிடுகிற கருவிக்கு நாலும் ஒன்றாக இறங்கினால் எதுவுமே தெரியாது. வித்தியாசம் இருந்தால்தானே தெரியும்?

பப்ளிக் சிட்டிசன் என்ற நுகர்வோர் அமைப்பும் வேறு சிலரும் வழக்குப் போட்டார்கள். 2003இல் நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. 2005இல் வந்த புது விதி, ஒரு டயரானாலும் நாலானாலும் ஸ்டிக்கரில் எழுதிய அளவிலிருந்து 25 வீதம் குறைந்தால் விளக்கு எரிந்தே ஆக வேண்டும் என்றது. 2007 செப்டெம்பருக்குப் பிறகு செய்யப்பட்ட இலகு வாகனங்கள் எல்லாவற்றுக்கும் அங்கே அது கட்டாயம். ஐரோப்பாவில் 2014 நவம்பரிலிருந்து எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயம்.

மாமாவின் காரை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். 33இல் 25 வீதம் குறைந்தால் 24.75. நாங்கள் அளந்தது மூன்று டயரில் 24. அந்த விதிப்படி விளக்கு எரிந்திருக்க வேண்டிய இடம் அதுதான். எங்கள் கை அதைப் பேசாமல் செய்துவிட்டது.

நாலும் ஒன்றாக இறங்கினால் தெரியாது என்ற இந்த விஷயம் எனக்கு டயரைத் தாண்டியும் ஞாபகம் வருகிறது. லயத்தில் ஒரு வீட்டுக் கூரை மட்டும் ஒழுகினால் அது பிரச்சினை. எல்லாக் கூரையும் ஒழுகினால் அது மழைக்காலம், அவ்வளவுதான். பக்கத்து வீட்டோடு மட்டும் ஒப்பிடப் பழகிவிட்டால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். ஒப்பிட வெளியே ஒரு நிலையான அளவு வேண்டும், அதை எழுதும் இடத்தில் நாமும் இருக்க வேண்டும். கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கு, ஈரத்துக்கு என்று கழித்துக்கொண்டதைப் பற்றிச் சொல்லாத பாட்டி நம்ம பக்கம் இல்லை. தராசு பொய் சொல்லவில்லை. பூச்சியம் எங்கே தொடங்குகிறது என்பதைத் தராசைப் பிடித்தவர் தீர்மானித்தார்.

நம்ம வீதிக்கு வந்தபோது

இலங்கை வீதிகளில் ஓடும் கார்களிலும் வேன்களிலும் பல, ஜப்பானில் ஓடிவிட்டு வந்தவை. அமெரிக்கா, ஐரோப்பா மாதிரி ஜப்பான் இந்த விளக்கைக் கட்டாயமாக்கவில்லை. அதனால் நம்ம வேன்களில் பலதில் அது இல்லவே இல்லை. ஆட்டோவில் இல்லை, கொழுந்து ஏற்றும் லொறியில் இல்லை, ஆட்களை ஏற்றும் டிரக்டரில் இல்லை. இருக்கிற வாகனத்திலும் சிக்கல். ஜப்பான் சென்சர் 315 மெகாஹெர்ட்சில் பேசும், ஐரோப்பிய சென்சர் 433இல் பேசும். வேறு நாட்டு ரிம்மை வாங்கிப் போட்டால் காருக்குக் கேட்காது. சென்சரின் பட்டரிக்கும் ஆயுள் ஏறத்தாழ ஐந்திலிருந்து பத்து வருடம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, தனியார் கார்களுக்கு 2025இல்தான் திறந்தது. அந்த இடைவெளியில் நாட்டிலிருந்த எல்லா வாகனமும் ஐந்து வயது கூடிவிட்டது. அதனால்தான் டேஷ்போர்டில் எரியும் விளக்குக்கு மேல் கறுப்பு டேப் ஒட்டி ஓட்டுவதைப் பார்க்கிறோம்.

2021 மார்ச்சில் பசறை 13ஆம் மைல்கல் அருகிலும், 2025 செப்டெம்பரில் எல்ல–வெல்லவாய வீதியிலும் பஸ்கள் பள்ளத்தில் விழுந்ததை நாம் மறக்கவில்லை. அவற்றுக்கு டயர் காரணம் என்று நான் சொல்லவில்லை. இந்த வீதிகளில் சின்னப் பிழைக்கும் மன்னிப்பு குறைவு என்று மட்டும் சொல்கிறேன்.

ஆகவே டயரை மாற்றிப் போட்ட பிறகு விளக்கு எரிந்தால் செய்ய வேண்டியது இதுதான். முதலில் பொத்தானைத் தொடாதீர்கள். வண்டி ஆறியிருக்கும் காலையில், கேஜால் நாலையும் அளங்கள். ஓடிச் சூடான டயர் கூட்டிக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கக் கூடாது. கதவுத் தூண் ஸ்டிக்கரைப் பாருங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் வேறு வேறு அளவு இருந்தால், இடம் மாறிய டயருக்குப் புது இடத்தின் அளவை அடியுங்கள். வேன்களில் இதைத்தான் அதிகம் மறக்கிறார்கள். முழுப் பாரத்துக்குத் தனி அளவு போட்டிருந்தால், ஆள் நிறைய ஏற்றுகிற நாளுக்கு அதுதான் உங்கள் அளவு. எல்லாம் சரியான பிறகுதான் ரீசெட். நேரடி வகையென்றால் சென்சர்களின் புது இடத்தைக் காருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சிலது கொஞ்ச தூரம் ஓடினால் தானே படிக்கும், சிலதுக்குக் கடையில் கருவி வேண்டும். வண்டியை எடுத்தவுடன் விளக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் சிமிட்டிவிட்டு அப்படியே நின்று எரிந்தால், பெரும்பாலும் குறை காற்றில் இல்லை, சென்சரிலோ பட்டரியிலோ இருக்கிறது.

மாமா அன்றைக்கு நாலு டயருக்கும் 33 அடித்தார். பிறகு பொத்தானை அழுத்தினார். விளக்கு சிமிட்டி அணைந்தது, போன முறை அணைந்த மாதிரியேதான். பார்க்க ஒரு வித்தியாசமும் இல்லை.

"இப்ப நம்பலாமா மாமா?"

"லைட்ட நம்பு. ஆனா மாசம் ஒருக்கா கேஜ எடு" என்றார், கேஜைத் துடைத்து டேஷ்போர்டுக்குள் வைத்துக்கொண்டே.